எண் ஏறினால் வயது இறங்குமா?

ஐம்பதைத் தாண்டிய, கையில் கொஞ்சம் காசும் புழங்குகிற நாலு பேர் சேர்ந்தால் இப்போது பேச்சு என்.எம்.என்.னில் வந்து நிற்கிறது. சர்க்கரை, கொழுப்பு, மூட்டுவலி என்று போய்க்கொண்டிருந்த பேச்சில் அது புது வரவு. சொல்லப்படுவது இதுதான்: உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் என்.ஏ.டி. என்றொரு பொருள் இருக்கிறது. வயது ஏற ஏற அது குறைகிறது. என்.எம்.என். கேப்சூலோ அதன் உடன்பிறப்பான என்.ஆர். கேப்சூலோ அதை மறுபடி ஏற்றிவிடுகிறது. ஆகவே முதுமை தள்ளிப்போகிறது.

முதல் கூற்று அசைக்க முடியாத உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது, ரத்தத்தைப் பொறுத்தவரை உண்மைதான். நான்காவதுக்கு ஆதாரம் கிடையாது. முதல் மூன்றுக்கும் தலையாட்டியவர் நான்காவதுக்கும் சேர்த்தே தலையாட்டிவிடுகிறார். விற்பனையின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

என்.ஏ.டி. ஒன்றும் நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1906இல் ஆர்தர் ஹார்டன், வில்லியம் யங் என்ற இரு ஆங்கிலேய வேதியியலாளர்கள் ஈஸ்ட் சாற்றில் சர்க்கரை நொதிப்பதை ஆராய்ந்தார்கள். கொதிக்க வைத்தாலும் கெடாத ஏதோ ஒன்று அந்த வேலைக்குத் தேவைப்படுவதைக் கண்டார்கள். அதில் பிரதானமானது என்.ஏ.டி. இந்தத் துறையில் செய்த பணிக்காக ஹார்டனும் இன்னொரு வேதியியலாளரான ஃபான் ஆய்லரும் 1929இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தின்ற சோற்றைச் சக்தியாக மாற்றும்போது எலக்ட்ரான்களைக் கைமாற்றிக் கொடுப்பது என்.ஏ.டி.தான். பழுதான டி.என்.ஏ.வைச் சரிசெய்யும் சில நொதிகளும் சர்ட்டுயின்கள் என்ற புரதங்களும் இதைச் செலவழித்தே இயங்குகின்றன.

உடம்பு இதை வைட்டமின் பி3யிலிருந்து தயாரித்துக்கொள்கிறது. புரதத்தில் உள்ள டிரிப்டோஃபேனிலிருந்தும் கொஞ்சம். பி3யின் ஒரு வடிவமான நிகோட்டினமைடோடு ஒரு சர்க்கரை சேர்ந்தால் என்.ஆர். அதன்மேல் ஒரு பாஸ்பேட்டும் சேர்ந்தால் என்.எம்.என். இன்னும் ஒரு படி ஏறினால் என்.ஏ.டி. ஆக, விலை கூடிய அந்தக் குப்பியில் இருப்பது, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையில் காலங்காலமாக நாம் விழுங்கிவரும் வைட்டமினின் நெருங்கிய பங்காளி.

அந்த வைட்டமினின் அருமையைத் தெரிந்துகொள்ள அது கிடைக்காதவர்களைப் பார்க்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநில ஏழைகள் மக்காச்சோள மாவும் வெல்லப்பாகும் கொழுப்புக்கறியும் தின்று வாழ்ந்தார்கள். அவர்களைப் பெலக்ரா பிடித்தது. வெயில் படுகிற இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல ஒரு பட்டை விழும், பேதி நிற்காது, புத்தி பேதலிக்கும், கடைசியில் சாவு. தொற்றுநோய் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். 1914இல் அரசு அனுப்பிவைத்த ஜோசப் கோல்ட்பெர்கர் அநாதை இல்லங்களிலும் மனநல விடுதிகளிலும் ஒன்றைக் கவனித்தார். உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வருகிறது, அவர்களோடு நாள் முழுக்கப் புழங்கும் பணியாளர்களுக்கு வருவதில்லை. பணியாளர்கள் தின்பது வேறு. 1915இல் மிசிசிப்பியின் ராங்கின் சிறைப்பண்ணையில், விடுதலைக்கு ஈடாகச் சம்மதித்த கைதிகளுக்கு அந்த ஏழைச் சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார்; பதினோரு பேரில் ஆறு பேருக்குப் பெலக்ரா வந்தது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, நோயாளிகளின் ரத்தத்தைத் தனக்கும் தன் சகாக்களுக்கும் ஊசியில் ஏற்றினார், நோயாளிகளின் கழிவையே உருண்டையாக்கி விழுங்கினார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை. கோல்ட்பெர்கர் 1929இல் இறந்துபோனார். இல்லாமல் போன பொருள் பி3யின் இன்னொரு வடிவமான நிகோட்டினிக் அமிலம் என்பதை 1937இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஹ்ஜெம், நாய்களுக்கு வரும் கறுப்பு நாக்கு நோயைக் குணப்படுத்திக் காட்டினார்.

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. தக்காணத்தில் சோளத்தையே நம்பி வாழ்ந்த கூலி ஜனங்களிடம் பெலக்ரா இருந்தது. குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்த ஊட்டச்சத்து ஆய்வகத்தில், சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் அதற்கொரு விளக்கம் சொன்னார்கள். சோளத்தில் லியூசின் மிகுதி, அதுவே காரணம் என்றார்கள். அந்த விளக்கம் பிற்பாடு விவாதத்துக்கு உள்ளானது. நிகோட்டினிக் அமிலம் கொடுத்தால் நோய் தீர்ந்தது என்பதில் விவாதமே இல்லை.

பி3யின் புகழ் முழுக்க இப்படி இல்லாதவனுக்கு ஊற்றிச் சம்பாதித்த புகழ். அதை இன்று வேர்க்கடலையும் மீனும் கோழியும் வேளாவேளைக்குக் கிடைக்கிற ஆளிடம் காட்டி விற்கிறார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறக்குறைய 14 முதல் 16 மில்லிகிராம். கேப்சூல்களில் 250, 500, சிலர் விழுங்குவது 1,000. பற்றாக்குறையை நிரப்புகிற அளவு இல்லை இது. மருந்தளவு. மருந்தென்றால் மருந்துக்குக் கேட்கும் கேள்விகளைத்தான் இதனிடமும் கேட்க வேண்டும்.

வயதானால் என்.ஏ.டி. குறைகிறது என்பதைப் பாதி உண்மை என்றேன். எலிகளில் சில உறுப்புகளில் குறைவது பலமுறை அளக்கப்பட்டது. மனிதர்களில் ஆதாரம் மெலிதானது. தோல் துணுக்கு, மூளை ஸ்கேன், தசைத் துணுக்கு என்று இங்கொன்றும் அங்கொன்றும். இந்த வயதுச் சரிவு பொதுவிதியா, அவசரமாக எட்டிய ஒருமித்த கருத்தா என்று துறைக்குள்ளேயே 2022இல் ஒரு மீளாய்வுக் கட்டுரை கேட்டது. சரி, குறைகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஏன் குறைகிறது? தயாரிக்கப் போதிய பி3 இல்லாமலா? 2016இல் மேயோ கிளினிக் குழு எலிகளில் காட்டியது வேறு: சிடி38 என்ற நொதி வயதோடு பெருகுகிறது, அது என்.ஏ.டி.யைச் சிதைத்துத் தள்ளுகிறது. அப்படியென்றால் ஓட்டைக் குடத்தில் இன்னும் இரண்டு குடம் ஊற்றச் சொல்கிறார்கள்.

ஊற்றியதாவது போய்ச் சேருகிறதா? 2018இல் பிரின்ஸ்டனில் ஜோஷுவா ராபினோவிட்ஸ் குழு என்.ஆர்., என்.எம்.என். மூலக்கூறுகளில் கனத்த அணுக்களை அடையாளமாக வைத்து எலிகளுக்குக் கொடுத்தது. வாய்வழி போனவற்றில் பெரும்பகுதி ஈரலிலேயே உடைந்து நிகோட்டினமைடாக வெளியேறியது. தசைக்கு முழு உருவத்தில் ஏதும் போய்ச் சேரவில்லை, தசைக்குக் கிடைத்தது நிகோட்டினமைடு. அதாவது, மருந்துக்கடையில் சில்லறைக்குக் கிடைக்கிற அதே பழைய பி3.

இந்த மோகத்தைக் கிளப்பிவிட்டது 2013இல் வந்த ஓர் எலி ஆய்வு. ஹார்வர்டின் டேவிட் சின்க்ளேர் குழு 22 மாத வயதான எலிகளுக்கு ஒரு வாரம் என்.எம்.என். கொடுத்தது, தசையின் சில வேதிக்குறிகள் ஆறு மாத எலியினுடையதுபோல் மாறின. பத்திரிகைகள் கணக்குப் போட்டு, அறுபது வயதுக்காரர் இருபதானார் என்று எழுதின. அந்த எலிகளின் தசைவலு கூடவில்லை என்ற விஷயம் தலைப்புக்கு வரவில்லை. 2016இல் ஷின்-இச்சிரோ இமாய் குழு ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. எடை, இன்சுலின், பார்வை என்று சில நல்ல மாற்றங்கள் தெரிந்தன. நல்ல ஆய்வுதான். ஆனால் அது ஆயுளை அளந்த ஆய்வல்ல.

எலியின் ஆயுளை அளப்பதற்கென்றே அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தேசிய முதுமையியல் நிறுவனம் நடத்தும் சோதனைத் திட்டம் அது. மெயின், மிச்சிகன், டெக்சஸ் என மூன்று இடங்களில் ஒரே சோதனையை ஒரே காலத்தில் நடத்துவார்கள். ஒரே அச்சில் வார்த்த எலிகளாக இல்லாமல், மரபு கலந்த எலிகளாக எடுத்துக்கொள்வார்கள். யாருடைய சரக்கும் அங்கே விற்பனைக்கு இல்லை. ராபமைசின் 2009இல் அந்தத் தேர்வில் தேறியது, அகார்போஸ் தேறியது. சிவப்பு ஒயினின் மகிமை என்று கொண்டாடப்பட்ட ரெஸ்வெரட்ரால் தேறவில்லை. என்.ஆர். முடிவு 2021இல் வந்தது: ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை, ஆயுள் நீளவில்லை. 2016இல் ஒரு சுவிஸ் ஆய்வகம் கிழட்டு எலிகளின் ஆயுள் ஏறத்தாழ 5 சதவீதம் நீண்டதாகச் சொல்லியிருந்தது, என்.ஆர். ஆதரவாளர்கள் அதை மட்டும் எடுத்துக்காட்டுகிறார்கள். சிறிய ஆய்வு ஒன்றும் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்றும் முரண்பட்டால் எதற்கு எடை கூடுதல் என்பது எட்டாம் வகுப்புக் கணக்கு.

ரெஸ்வெரட்ராலைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அதை முன்னிறுத்தியவர்களில் முதன்மையானவர் இதே சின்க்ளேர். அவர் உடன்நிறுவிய சர்ட்ரிஸ் கம்பெனியை 2008இல் கிளாக்ஸோ 72 கோடி டாலருக்கு வாங்கியது, 2013இல் மூடியது. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து எதுவும் கைக்கு வரவில்லை. அவர்மேல் கல்லெறிவது என் நோக்கமில்லை. "அவரே தினமும் விழுங்குகிறாராமே" என்பதை ஓர் ஆதாரமாகச் சொல்கிறார்களே, அதற்காகத்தான் சொல்கிறேன். விஞ்ஞானி தன் ஆய்வகத்தில் காட்டுவதுதான் ஆதாரம். தன் வீட்டில் காலையில் எதை விழுங்குகிறார் என்பது அவருடைய நம்பிக்கை.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளுக்கு வருவோம். என்.எம்.என். ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டும் ஆய்வு 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, மாதவிடாய் நின்ற, பருமனான பெண்கள் 25 பேர். 13 பேருக்கு 250 மில்லிகிராம் என்.எம்.என்., 12 பேருக்கு வெற்று மாத்திரை, பத்து வாரம். என்.எம்.என். எடுத்த பெண்களின் தசை இன்சுலினுக்கு இசைவது சுமார் 25 சதவீதம் கூடியது. இந்த ஒரு வரியைத்தான் விளம்பரத்தில் பார்க்கிறோம். அதே ஆய்வில் ரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, ஈரல் கொழுப்பு, உடல் எடை எதுவும் அசையவில்லை. தசைவலுவும் கூடவில்லை. அந்தப் பெண்களில் ஒருவர் வீட்டுக்குப் போய் "எனக்கு என்ன மாறியிருக்கிறது?" என்று கேட்டால், ஆய்வக ஊசி கண்டுபிடிக்கும் ஒரு மாற்றத்தைத் தவிரக் காட்ட ஒன்றுமில்லை.

என்.ஆர். பக்கம் இன்னும் வறட்சி. டென்மார்க்கில் 40 பருமனான ஆண்களுக்கு 12 வாரம், நாளுக்கு 2,000 மில்லிகிராம்: இன்சுலின் இசைவு கூடவில்லை. பிரிட்டனில் எழுபதைத் தாண்டிய 12 ஆண்களுக்கு மூன்று வாரம், நாளுக்கு ஒரு கிராம்: தசையின் மைட்டோகாண்ட்ரியா இயக்கத்தில் மாற்றமில்லை. கொலராடோவில் நடந்த ஆய்வில் ரத்த அணுக்களில் என்.ஏ.டி. ஏறத்தாழ 60 சதவீதம் ஏறியது. ரத்த அழுத்தம் இறங்குவதற்கான ஜாடை தெரிந்தது, ஜாடையாகவே நின்றுவிட்டது.

நல்ல செய்தி ஒன்றையும் மறைக்கக் கூடாது. கால் தமனிகள் அடைபட்டு, நாலு எட்டு வைத்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும் நோயாளிகள் 90 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஆஸ்பத்திரி நடைவழியில் ஆறு நிமிடம் நடக்கச் சொல்லி தூரத்தை அளப்பார்கள். ஆறு மாதம் என்.ஆர். எடுத்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட 17.6 மீட்டர் கூடுதலாக நடந்தார்கள். அவர்களுக்கு அது அற்ப தூரமல்ல. பெரிய ஆய்வில் உறுதியானால் அந்த நோய்க்கு அது மருந்தாகலாம். ஆக வேண்டும் என்றே விரும்புகிறேன். ஆனால் தமனி அடைபட்டவரின் 17.6 மீட்டரைக் காட்டி, தினம் காலையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிற ஓய்வுபெற்ற பொறியாளருக்கு இளமை விற்பது வேறு வியாபாரம்.

"என்.ஏ.டி. ஏறுகிறதே, அது நல்லதுதானே" என்பவர்களுக்கு இதே வைட்டமின் முன்பு கற்பித்த பாடம் ஒன்றிருக்கிறது. நியாசின் என்கிற நிகோட்டினிக் அமிலத்தைக் கொடுத்தால் ரத்தத்தில் நல்ல கொழுப்பு ஏறும், கெட்ட கொழுப்பு இறங்கும். இதில் ஐயமில்லை. நல்ல கொழுப்பு கூடியவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்பதும் தெரிந்ததே. ஆகவே நியாசின் மாரடைப்பைத் தடுக்கும் என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் எழுதிக்கொடுத்தார்கள். கடைசியில் 25,673 பேரை வைத்து ஏறக்குறைய நான்கு ஆண்டு சோதித்தார்கள். முடிவு 2014இல் வந்தது. எண்கள் சொன்னபடி ஏறின, சொன்னபடி இறங்கின. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அதற்குப் பதிலாகச் சர்க்கரை நோய் கூடியது, தொற்றுகள் கூடின, ரத்தக்கசிவு கூடியது. பின்னர் 2024இல் கிளீவ்லண்ட் கிளினிக் ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். மிஞ்சிய நியாசினை உடம்பு உடைத்துக் கழிக்கும்போது உருவாகும் 2பிஒய், 4பிஒய் என்ற கழிவுப்பொருள்கள் ரத்தத்தில் அதிகம் உள்ளவர்களுக்கு இதயப் பாதிப்பும் அதிகம். இது தொடர்பு மட்டுமே. காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் என்.ஆர்., என்.எம்.என். உடைந்தாலும் 2பிஒய் உருவாகிறது. "அதிகமாகப் போனால் சிறுநீரில் போய்விடும்" என்று வைட்டமின் பற்றிச் சொல்லும் பழகிய ஆறுதல் இனி அவ்வளவு ஆறுதலாக இல்லை.

பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த சோதனையையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். காரட்டும் கீரையும் அதிகம் தின்பவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்று கண்டதால் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994இல் கணக்கெடுத்தபோது மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம்.

"பலனில்லாவிட்டால் போகிறது, கெடுதல் இல்லையே" என்பது கடைசி வாதம். சில வாரங்கள், சில மாதங்கள் எடுத்தவர்களுக்குப் பெரிய பக்கவிளைவு இல்லை என்பது சரி. இளமைக்காக எடுப்பவர் பத்து வாரத்தோடு நிறுத்தப்போகிறாரா? இருபது ஆண்டு எடுக்கப்போகிறார். இருபது ஆண்டு எடுத்தவர் எவரையும் பற்றி எந்த ஆய்வும் கிடையாது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு என்.ஏ.டி. நிறையத் தேவை, புற்றுச் செல் அப்படிப்பட்டதுதான். 2019இல் கணையப் புற்று எலிகளில் என்.எம்.என்.னும், 2022இல் மார்பகப் புற்று எலிகளில் என்.ஆர்.உம் நோயை முடுக்கியதாக ஆய்வுகள் வந்தன. எலியில் கண்ட நன்மையை மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்று இதுவரை வாதாடியவன், எலியில் கண்ட தீமையை மட்டும் பொருத்தினால் நியாயமில்லை. பொருத்தவில்லை. ஆழம் தெரியாத இடம் என்று மட்டும் சொல்கிறேன்.

இதற்கிடையே விலை மலிவான பழைய நிகோட்டினமைடு ஆஸ்திரேலியாவில் ஒரு காரியம் செய்தது. ஏற்கெனவே தோல் புற்று வந்த 386 பேருக்கு நாளுக்கு இரண்டு வேளை 500 மில்லிகிராம் கொடுத்ததில், மெலனோமா அல்லாத புதிய தோல் புற்றுகள் 23 சதவீதம் குறைந்தன. 2015இல் வெளியான முடிவு. பின்னர் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களிடம் சோதித்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. குறிப்பிட்ட ஆள், குறிப்பிட்ட நோய், ஓராண்டு கண்காணிப்பு, எண்ணிப் பார்த்த கட்டிகள். ஆதாரம் என்றால் இப்படி இருக்கும். இதை யாரும் பளபளப்பான குப்பியில் போட்டு விற்கவில்லை. காப்புரிமை போன மருந்தில் லாபம் இல்லை.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதித்துவிட்டதே என்றும் கேட்கிறார்கள். 2022இல் அந்த நிர்வாகம் என்.எம்.என்.னை இணை உணவாக விற்கக் கூடாது என்றது. ஒரு கம்பெனி அதை மருந்தாகச் சோதித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். 2025இல் விற்கலாம் என்று மாற்றிச் சொன்னது. இரண்டு முறையும், அது வேலை செய்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இணை உணவு பலன் தருகிறது என்று நிரூபித்த பிறகுதான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வீட்டில் குப்பி இருந்தால் அதன் முதுகுப்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். எந்த நோயையும் கண்டறியவோ குணப்படுத்தவோ தடுக்கவோ உத்தேசித்த பொருளல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். இந்தியச் சரக்கென்றால், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று போட்டாக வேண்டும். விற்பவரே எழுதிக்கொடுத்ததை வாங்குபவர் நம்ப மறுப்பது விசித்திரம்.

இன்னொரு செய்தி. 2022இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இளைஞர்களின் தசையையும் முதியவர்களின் தசையையும் எடுத்து என்.ஏ.டி.யை அளந்தார்கள். முதியவர்களில் குறைந்திருந்தது. ஆனால் ஒழுங்காக உடற்பயிற்சி செய்துவந்த முதியவர்களிடம் அந்தக் குறைவு பெரிதாக இல்லை. எண்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கும் கேப்சூல் ஒன்றே வழியல்ல. நடைப்பயிற்சிக்குக் கமிஷன் கிடையாது, அதனால் அதைப் பற்றி வீடியோ குறைவு.

காசு கையில் இருந்து, தெரிந்தே வாங்கி விழுங்குகிறவர்களைத் தடுக்க எனக்கு அதிகாரமில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும் எடுத்து முடித்தவர்களுக்கும் மட்டும் ஒரு வேண்டுகோள்: மகனோ மகளோ வெளிநாட்டிலிருந்து ஆசையாக வாங்கி அனுப்பியதாகவே இருந்தாலும், உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் அந்தக் குப்பியைக் காட்டாமல் ஒரு கேப்சூலும் போடாதீர்கள்.